அமரர் ஜெனிட்டாவுக்குப் பொன்னாடை

தான் இறந்துபோன செய்தி ஜெனிட்டாவுக்கு அவளுடைய அப்பா வாயால்தான் தெரிந்தது.

சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தின் வாசலில் அவள் செக்யூரிட்டி சூப்பர்வைசர். மதியச் சாப்பாடு முடித்துத் திரும்புகிற பெண்களின் கைப்பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை ஏசுபாதம். வரிசையை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு ஓரமாக வந்து எடுத்தாள்.

"இன்னாம்மா, நீ செத்துட்டியாமே?" என்றார் ஏசுபாதம்.

"யாருப்பா சொன்னது?"

"ஒங்க காலேஜ்லேந்து ஒருத்தர் வந்து சொல்லிட்டுப் போறாரு. தட்டுல பழம்லாம் வச்சுக் குடுத்தாரு. ஆப்பிள் நல்லா கீது."

அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எதையோ கேட்டு எதையோ புரிந்துகொண்டிருக்கிறார் என்று ஜெனிட்டா முதலில் நினைத்தாள். ஆனால் அந்த முறை காது சரியாகத்தான் வேலை செய்திருந்தது. சாயங்காலம் அவள் நெம்மேலியில் அப்பா வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, ஆப்பிளுக்கு அடியில் வழவழப்பான அழைப்பிதழ் ஒன்று இருந்தது. 'விளையாட்டுப் புகழ் மண்டபத் திறப்பு விழா' என்று மேலே பொன்னெழுத்து. உள்ளே, கல்லூரிக்குப் பெருமை சேர்த்தவர்களின் படங்கள். கடைசியில் இவளுடைய பதினெட்டு வயசுப் படம், தலையைச் சுற்றி ஒளிவட்டத்துடன். கீழே 'அமரர் ஜெனிடா' என்று போட்டிருந்தது. ஒரு 'ட்' குறைந்திருந்தது. உயிரையே எடுத்துவிட்டவர்கள் ஒரு மெய்யெழுத்தை எடுத்ததைப் பெரிதாகச் சொல்ல முடியாது.

திருக்கழுக்குன்றம் சாலையில், பிரபாவதி அம்மாள் கலை அறிவியல் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. தாளாளர் லக்ஷ்மிநாராயணன் தன் தாயார் பெயரில் கட்டியது. அந்த வருஷம் அங்கே தரம் பார்க்கும் குழு வருவதாக இருந்தது. வகுப்பறை, நூலகம், கழிப்பறை எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்தாயிற்று. விளையாட்டு என்று ஒரு பகுதி வந்ததும்தான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மைதானம் இருந்த இடத்தில் கல்லூரிப் பேருந்துகள் நின்றன. கேரம் பலகை இருந்தது, காய்கள் இல்லை.

முதல்வர் ஹரிப்ரியா அணுமின் ஊழியர் குடியிருப்பான அணுபுரத்தில் வளர்ந்தவர். இல்லாத எதையும் திட்டமிட்டு இல்லாமல் வைத்திருப்பதுபோல ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தவர். வெளிநாட்டில் ஏதோ ஒரு சின்னக் கல்லூரியின் இணையப் பக்கத்தில் இப்படியொரு மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்து, மைதானத்தைவிட இதற்கு இடம் குறைவாகவே பிடிக்கும் என்று தாளாளரிடம் சொன்னார். தாளாளருக்கு அந்தக் கணக்கு பிடித்துப்போயிற்று. பழைய சைக்கிள் கொட்டகைக்குக் கண்ணாடி போட்டு, ஏசி வைத்து, கூரையில் சின்னச் சின்ன விளக்குகளும் பொருத்திவிட்டார்கள். மண்டபம் தயார். புகழ் பெற்றவர்கள்தான் கிடைக்கவில்லை.

'விளையாட்டுக்குத் தொண்டாற்றியோர்' என்ற பிரிவு சீக்கிரமே நிரம்பிவிட்டது. முதலில் தாளாளர். அடுத்து, விளையாட்டு விழாவுக்குச் சாமியானா கொடுத்த தாளாளரின் மைத்துனர். பிறகு எலுமிச்சம்பழமும் குளுக்கோஸும் கொடுத்த கேன்டீன் ஒப்பந்தக்காரர். 'விளையாட்டு வீரர்கள்' பிரிவுதான் காலியாக இருந்தது. செஸ் ஆடிய பையன் ஒருவன் கனடாவில் இருந்தான், மின்னஞ்சலுக்குப் பதில் போடவில்லை. கடைசியில் அலுவலகக் கண்காணிப்பாளர் அருணகிரி, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் சின்னையனுக்குப் போன் போட்டார். "வட்டு எறியற பொண்ணு ஒண்ணு இருந்துச்சு சார், ஸ்டேட்ல தங்கம் வாங்குச்சு. பாவம், போயிடுச்சு" என்றார் சின்னையன். கல்லூரியை விட்டுப் போய்விட்டது என்று அவர் சொன்னார். அருணகிரி அதை இன்னும் கொஞ்சம் மேலே அனுப்பிவிட்டார்.

கல்லூரிக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது. இறந்தவர் மேடையில் ஏறிப் பேச மாட்டார். படத்துக்குக் கீழே என்ன எழுதினாலும் மறுக்க மாட்டார். விழாவுக்கு ஒரு கனமும் சேரும்.

அழைப்பிதழில் இருந்த எண்ணுக்கு ஜெனிட்டா அடித்தாள். அருணகிரிதான் எடுத்தார்.

"நான் ஜெனிட்டா பேசறேன் சார்."

"எந்த ஜெனிட்டா?"

"நீங்க சாவடிச்ச ஜெனிட்டா."

போன் துண்டிக்கப்பட்டது. திரும்ப அடித்தபோதெல்லாம் எடுக்கவில்லை.

அவளுடைய கணவன் ஜோயல் முட்டுக்காட்டில் படகு ஓட்டுகிறவன். கதையைக் கேட்டுவிட்டு, சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்துவிட்டது. நேரில் போய் நாலு கேள்வி கேட்கப் போவதாக ஜெனிட்டா சொன்னதும், "போய்த்தான் ஆவணும். சாவுக்குப் போவலன்னா நல்லாருக்காது" என்றான். அவள் சிரிக்கவில்லை. இருபது வருஷமாக அந்தக் கல்லூரி வாசலை அவள் மிதித்ததில்லை. பஸ் அந்தப் பக்கம் போனால்கூட எதிர்ப்பக்கச் சன்னலைத்தான் பார்ப்பாள்.

அதற்குக் காரணம் இருந்தது. ஏசுபாதம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்து, பிறகு தோட்டவேலை, பம்ப் செட் வேலை என்று மாறி மாறிச் செய்து மகளைக் கல்லூரி வரைக்கும் கொண்டுவந்தார். முதல் வருஷ விளையாட்டு விழாவில் வட்டு எறிய ஆள் போதவில்லை என்று, தோள் அகலமாக இருந்த இவளைப் பிடித்து நிறுத்தினார் சின்னையன். எப்படி நிற்பது, எப்படிச் சுற்றுவது எதுவும் அவளுக்குத் தெரியாது. சும்மா எறிந்தாள். வட்டு எல்லாக் கோடுகளையும் தாண்டிப் போய், விருந்தினர் வரிசைக்கு முன்னால் விழுந்தது. தாளாளர் கையிலிருந்த இளநீர் அவர் மடியிலேயே கவிழ்ந்தது.

அன்றோடு வட்டு மைதானத்தை விட்டுப் போயிற்று. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று தாளாளர் தன் அறையில் ஒரு கண்ணாடி அலமாரியில் அதை வைத்துப் பூட்டிக்கொண்டார். ஜெனிட்டா கடற்கரைச் சவுக்குத் தோப்பில் தட்டையான கல்லைப் பொறுக்கி எறிந்து பழகினாள். சின்னையன் ஞாயிற்றுக்கிழமைகளில் டி.வி.எஸ். ஐம்பதில் வந்து நின்று பார்ப்பார், கால் மாற்றிப் போட்டால் திட்டுவார். மூன்றாம் வருஷம் கோயம்புத்தூரில் மாநில அளவுக் கல்லூரிப் போட்டி. வேறொரு கல்லூரிப் பெண்ணிடம் வட்டை இரவல் வாங்கி எறிந்தாள். தங்கம் வாங்கினாள். கல்லைவிட வட்டு எவ்வளவு ஒழுங்காகக் கையை விட்டுப் போகிறது என்பதுதான் அன்றைக்கு அவளுக்குப் பெரிய ஆச்சரியம்.

திரும்பி வந்ததும் பதக்கத்தைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டது. தாளாளர் அதைக் கையில் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். பயிற்சிக்கும் போட்டிக்கும் போன நாட்களுக்கெல்லாம் 'வரவில்லை' என்று போட்டிருந்தார்கள். வருகை போதாது, பரீட்சை எழுத முடியாது என்றார்கள். ஏசுபாதம் தாளாளர் அறை வாசலில் போய் நின்றார். உங்க பொண்ணுக்கு விளையாட்டா படிப்பா என்று முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கண்ணாடி அலமாரி அவர் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ஜெனிட்டா பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். துணிக்கடை, மருந்துக்கடை, ஓட்டல் என்று பல இடங்களில் நின்று, கடைசியில் இந்தக் காக்கிச் சட்டைக்கு வந்து சேர்ந்தாள்.

விழா அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். சாவுக்குப் போகிறவள் இப்படியா மினுக்குவாள் என்று ஜோயல் கேட்டான். செத்தது நான், எனக்குப் பிடித்ததைத்தான் கட்டுவேன் என்று பதில் சொல்லிவிட்டு, அவனையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

வாசலில் பெரிய பேனர். தாளாளர் ஆளுயரத்தில் கைகூப்பி நின்றார். அவர் முழங்கால் உயரத்துக்கு மைத்துனர். கேன்டீன்காரர் அதற்கும் கீழே. ஜெனிட்டாவின் படம் தாளாளரின் செருப்புக்கு அருகில், மாலையோடு. அருணகிரி வரவேற்பு மேசையில் சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் மூவரையும் முதல்வர் அறையில் உட்காரவைத்து, பீங்கான் கோப்பையில் காபி கொடுத்தார்கள். ஹரிப்ரியா கதவைச் சாத்திவிட்டு வந்து அமர்ந்தார். நடந்தது பெரிய தவறு, மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்க வேண்டும் என்றார். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறதாம். குழுவுக்குக் கொடுத்த கோப்பில் ஜெனிட்டா மறைந்துவிட்டதாகத்தான் இருக்கிறது. இப்போது உயிரோடு வந்து நின்றால் கோப்பிலுள்ள மற்ற எல்லாவற்றையும் அவர்கள் சந்தேகப்படுவார்கள். தலைமை விருந்தினர் லட்சுமணன் ஓய்வுபெற்ற பெரிய காவல்துறை அதிகாரி, மேடையில் மனம் இளகிவிடுகிறவர். இரங்கல் உரையை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார்.

"ஒரு ரெண்டு மணி நேரம்தான் மேடம். நீங்க அவங்களோட சிஸ்டரா வந்து ஷீல்டை வாங்கிக்கோங்க. ஃபங்ஷன் முடிஞ்சதும் எல்லாத்தையும் சரி பண்ணிடறோம்."

ஜோயல் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். ஜெனிட்டாவுக்கு அந்த நிமிஷம் வரை இருந்த கோபம் எங்கோ கழன்று விழுந்தது. இவ்வளவு மரியாதையாக ஒருத்தியிடம், கொஞ்ச நேரம் செத்திருங்கள் என்று கேட்க முடியும் என்பதே அவளுக்குப் புதுசாக இருந்தது. யோசித்தாள்.

"சிஸ்டர் ரெண்டு வார்த்தை பேசலாமா?"

"தாராளமா. ரெண்டே ரெண்டு வார்த்தை" என்றார் ஹரிப்ரியா, நிம்மதியாக.

ஜெனிட்டாவுக்கு அக்கா தங்கை யாரும் கிடையாது. பெயர் என்ன என்று அருணகிரி கேட்டபோது, வாயில் வந்த ரூத் என்ற பெயரைச் சொன்னாள்.

முன்வரிசையில் குழுவினர் மூன்று பேர் வடக்கேயிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. பேசுகிறவர்கள் பேச்சை ஹரிப்ரியாவே மைக்கில் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னார். அரங்கம் நிறைய மாணவர்கள். அன்றைக்கு வந்தால் வருகைப் பதிவு உண்டு என்று சொல்லிக் கூட்டியிருந்தார்கள்.

முதலில் மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்தார்கள். மேடையில் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் ஜெனிட்டாவும் தனக்காகத் தலையைக் குனிந்து நின்றாள். என்ன நினைப்பது என்று தெரியவில்லை. குனிந்தபடியே கீழே பார்த்தபோது ஏசுபாதம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுவது தெரிந்தது. ஜோயல் அவர் தோளைத் தட்டி, மகள் அதோ கல்லுக்குண்டாட்டம் நிற்பதைக் காட்டினான்.

"தெரியும்டா" என்றார் ஏசுபாதம். "பைய எடுத்துகினு வூட்டுக்கு வந்தாளே, அன்னிக்கி அழுதிருக்கணும். அப்ப வரல. இப்ப வருது."

பிறகு புகழுரைகள். ஜெனிடாவின் திறமையை முதல் வருஷமே தன் கண் முன்னால் கண்டுகொண்டதாகத் தாளாளர் சொன்னார். அது ஒரு வகையில் உண்மைதான். அவளுக்காகவே வட்டு வாங்கிக் கொடுத்ததாகவும், அதை இன்றும் தன் அறையில் போற்றிப் பாதுகாப்பதாகவும் சொன்னார். மைத்துனர், அந்தப் பெண் தன் சாமியானா நிழலில்தான் வளர்ந்தது என்றார். லட்சுமணன் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஒருமுறைகூடப் பார்த்திராத அவளை 'என் மகளே' என்று கூப்பிட்டார்.

மேடை ஓரத்தில் சால்வையோடு உட்கார்ந்திருந்த சின்னையன் இவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி எழுந்தார். மைத்துனர் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். ஜெனிட்டா மைக்குக்குப் போகும் வழியில் அவரைக் கடந்தபோது, "நான் போயிடுச்சுன்னுதாம்மா சொன்னேன். செத்துப்போச்சுன்னு சொல்லல" என்றார் மெல்ல. "தெரியும் சார், கம்முனு இருங்க" என்றாள் அவள்.

மைக்கைப் பிடித்தாள்.

"என் பேரு ரூத். ஜெனிட்டாவுக்கு நான் தங்கச்சி. எங்க அக்காவ நீங்கள்லாம் இவ்ளோ ஒசத்தியாப் பேசுவீங்கன்னு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அவ முன்னாடியே செத்திருப்பா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். குடும்பத்தினர் நெகிழ்ச்சியில் இருப்பதாக ஹரிப்ரியா ஆங்கிலத்தில் சொன்னார். குழுவினர் தலையசைத்தார்கள்.

"ஒடம்பு சரியில்லாம செத்தான்னு விழாவுக்கு அடிச்ச புஸ்தகத்துல போட்டுக்கீறாங்க. ஒடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. இந்தக் காலேஜுக்குத் தங்கம் வாங்கறதுக்குக் கோயமுத்தூர் போனா. போன நாளுக்கெல்லாம் ஆப்சென்ட் போட்டாங்க. பரீட்ச எழுத வுடல. எங்க அக்கா அட்டெண்டன்ஸ் கம்மியாயித்தான் செத்தா."

அரங்கம் வெடித்தது. அந்த நோய் அங்கே உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்கு இருந்தது. விசில் பறந்தது, பெஞ்சைத் தட்டினார்கள். தாளாளரின் முகத்தில் சந்தனம் மட்டும்தான் அசையாமல் இருந்தது. ஹரிப்ரியா தண்ணீர் குடித்துவிட்டு, அந்த மாணவி நீண்ட நாள் போராடி மறைந்தார் என்றும், கடைசி வரைக்கும் வகுப்புக்கு வர முடியாததையே நினைத்து வருந்தினார் என்றும் மொழிபெயர்த்தார். குழுவில் ஒருவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

பெண் பேச்சை நிறுத்துவாள் என்று எதிர்பார்த்து அருணகிரி பொன்னாடையோடு முன்னால் வந்தார். துக்கத்தில் இருக்கிற தங்கையை மேடையிலிருந்து இழுத்துக்கொண்டு போகிற வழி அவருக்குத் தெரியவில்லை.

"கடேசியா ஒண்ணு கேட்டுக்கறேன்" என்றாள் ஜெனிட்டா. "அவ வாங்கின பதக்கம் இந்த மண்டபத்துல கண்ணாடிப் பொட்டிக்குள்ள கீது. எங்கப்பா அதக் கையில தொட்டதே இல்ல. அதோ ஒக்காந்துனு அழுவுறாரே, அவருதான். அவராண்ட குடுத்துடுங்க."

தாளாளர் எதையோ சொல்ல வாயெடுத்தார். மண்டபத்தில் இருந்த ஒரே உண்மையான பொருள் அதுதான் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் லட்சுமணன் அதற்குள் எழுந்துவிட்டார். இன்னும் என்ன தாமதம், சாவி யாரிடம் என்று பழைய அதிகாரக் குரலில் கேட்டார். சாவி அருணகிரியின் இடுப்பில் இருந்தது; அவர் ஓடிப்போய்ப் பதக்கத்தை எடுத்துக்கொண்டு வந்தார். லட்சுமணன் தானே மேடையிலிருந்து இறங்கிப் போய், அழுதுகொண்டே ஏசுபாதத்தின் கழுத்தில் பதக்கத்தைப் போட்டார். இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். குழுவினரும் நின்றார்கள். வேறு வழியில்லாமல் தாளாளரும் நின்று தட்டினார். பொன்னாடை ரூத்துக்குப் போர்த்தப்பட்டது.

கல்லூரிக்கு நல்ல தரம் கிடைத்தது. மாணவர்களின் உயிர்த்துடிப்பான பங்கேற்பையும், முன்னாள் மாணவர்களின் குடும்பத்தோடு நிர்வாகத்துக்கு இருக்கும் நெருக்கத்தையும் குழு தனியாகப் பாராட்டியிருந்ததாம். தாளாளர் அதற்கும் ஒரு பேனர் வைத்தார்.

சரி பண்ணிவிடுவதாகச் சொன்னதை ஹரிப்ரியா மறக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, திருத்தம் செய்தாயிற்று என்று ஜெனிட்டாவின் போனுக்குப் படம் அனுப்பினார். மண்டபத்துக் கருங்கல்லில் 'ஜெனிடா' என்பதை எடுத்துவிட்டு 'ஜெனிட்டா' என்று ஒழுங்காகச் செதுக்கியிருந்தார்கள். முன்னால் இருந்த 'அமரர்' அப்படியே இருந்தது. ஜெனிட்டா அதை ஜோயலிடம் காட்டினாள். ஸ்பெல்லிங் சரியாகத்தான் இருக்கிறது என்றான் அவன். இன்னொரு முறை போய்ச் சண்டை போடலாமா என்று ஒரு வாரம் யோசித்தாள். அந்தக் கட்டடத்துக்குள் உயிரோடு இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தோன்றியது. விட்டுவிட்டாள்.

ஏசுபாதம் பதக்கத்தைச் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போக ஆரம்பித்தார். எதில் வாங்கினது, பெருசு என்று புது ஆட்கள் கேட்டால், ஓட்டத்தில் என்று கூச்சமில்லாமல் சொல்லிவிடுவார்.

அடுத்த தை மாதம் செங்கல்பட்டில் மூத்தோர் தடகளப் போட்டி நடக்கிறது என்று சின்னையன் போன் செய்தார். நாற்பது தாண்டிய பெண்களுக்கு வட்டு எறிதல் உண்டாம். கை வராது என்று ஜெனிட்டா சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. கிளம்பிப் போனாள். மொத்தம் நாலு பேர்தான் எறிந்தார்கள். ஒருத்தி பேங்க் ஆபீசர், ஒருத்தி டீச்சர், இன்னொருத்தி போலீஸ். ஜெனிட்டாவின் முதல் எறிதல் வலையிலேயே மோதி விழுந்தது. இரண்டாவது, பழைய தூரத்தில் பாதிகூடப் போகவில்லை. மூன்றாவது கொஞ்சம் பரவாயில்லை. கால் மாற்றிப் போட்டுவிட்டாள் என்று சின்னையன் கம்பிக்கு வெளியிலிருந்து கத்தினார். போலீஸ்காரிதான் ஜெயித்தாள். இவளுக்கு இரண்டாம் இடம்.

வரும் வழியில் ஜோயல் பைக்கை நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தான். அடுத்த வருஷம் அந்தப் போலீஸ்காரியை ஒரு கை பார்த்துவிடலாம் என்றாள் ஜெனிட்டா. மறுநாள் தோள் வீங்கிவிட்டது. ஒரு வாரம் கைப்பைகளை இடது கையாலேயே திறந்து பார்த்தாள்.